நடு பிசகிய தட்டு

அந்தப் புதன்கிழமை காலை, இசைத்தட்டுகளைப் போட்டுக் கேட்கும் அறையில் ஐந்து பேர் இருந்தோம்.

மிசியே ஜெர்வே. மிசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. தகட்டு அறைக்குப் பொறுப்பானவர், எனக்கு மேலாள். கதவோரம் நின்றார். வேலை நேரத்தில் அவர் கதிரையில் இருந்து நான் கண்டதில்லை.

லூசி. தட்டு சரியா பிழையா என்று கேட்டுச் சொல்வது இவருடைய வேலை. மடியில் கம்பளி நூல் இருக்கும். கேட்டுக்கொண்டே பின்னுவார்.

இராசையா அண்ணை. மட்டக்களப்பார். தட்டு அழுத்தும் நான்காம் நம்பர் பிரஸ்காரர். சூடு ஆறாத தட்டு ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றார்.

மார்செல். மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் லொங்குய் ஊர்க்காரர். பாடசாலை பஸ் ஓட்டுபவர். கிற்றார்காரர். தட்டு அவருடைய குழுவின் தட்டு.

ஐந்தாவது ஆள் நான், செபமாலை. ஊர் மன்னார். அந்தத் தட்டின் இரண்டாம் பக்கத் தகட்டுக்கு நடு ஓட்டை போட்டவன்.

எங்கள் சங்கத்து மலருக்கு வேலை அனுபவம் எழுதித் தரும்படி கேட்டார்கள். இசைத்தட்டுக்கு மறுபடி மவுசு வந்துவிட்டதாம். புதுத் தொழிற்சாலைகளில் நடுவைக் கமெரா பார்க்கிறதாம். முந்தி ஆர் பார்த்தது என்று கேட்டார்கள். நான் பார்த்தேன். ஏழாம் வகுப்பு வரை படித்தவன். தெரிந்தபடி எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் மொன்றியலுக்கு வந்தேன். முதல் வருடம் உணவகத்தில் கோப்பை கழுவினேன். அடுத்த வருடம் இராசையா அண்ணை இந்த இசைத்தட்டுத் தொழிற்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆறு மாதம் பெட்டி தூக்கினேன். ஒரு வருடம் பிரஸ்ஸில் நின்றேன். பிறகு மிசியே ஜெர்வே என்னைத் தகட்டு அறைக்கு எடுத்தார்.

ஏன் என்னை என்று கேட்டேன். "நீங்கள் அவசரப்படுவதில்லை" என்றார்.

அவர் எல்லோரையும் நீங்கள் என்றுதான் சொல்வார், கூட்டுகிறவரையும் முதலாளியையும். வெள்ளை மேலங்கியைக் கழுத்து வரை பொத்தான் போட்டிருப்பார். சத்தம் போட மாட்டார். பிழை கண்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு "அங்கோர்" என்பார். அங்கோர் என்றால் மறுபடி. நான் படித்த பிரெஞ்சில் முதல் சொல் பொன்ஜூர். இரண்டாவது மெர்சி, நன்றி. மூன்றாவது அங்கோர்.

தகட்டு அறையில் மூன்று மாதம் என்னைச் சோதனைக்கு வைத்திருந்தார்கள். அது முடிந்தால் வேலை நிரந்தரம். நிரந்தரம் என்று கம்பெனி கடிதம் தரும். அந்தக் கடிதம் எனக்குத் தேவையாக இருந்தது. என் அகதிக் கோப்பு குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. மனைவியும் மகளும் மன்னாரில் இருந்தார்கள். "நிரந்தர வேலைக் கடிதம் ஒண்டு கொண்டுவாங்கோ, மிச்சத்தை நான் கதைக்கிறன்" என்று வக்கீலிடம் மொழிபெயர்ப்புக்கு வந்த தமிழ்ப் பெண் சொல்லியிருந்தார். சோதனைக் காலம் முடிய இருந்தது அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை.

நடு ஓட்டை வேலையைச் சொல்கிறேன்.

பிரஸ்ஸில் மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு. நிக்கல் தகடு. தட்டில் பள்ளமாக இருக்கும் கோடு தகட்டில் மேடாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் சூடான பிளாஸ்டிக் கட்டியை வைத்து அழுத்தினால் தட்டு. தகடு வரும்போது அதில் ஓட்டை கிடையாது. நாங்கள்தான் போட வேண்டும். தகட்டை ஒரு சுழல் மேசையில் வைப்போம். மேலே நுணுக்குக்காட்டி. அதற்குள் ஒரு சிலுவைக் குறி தெரியும். பாட்டு முடிந்த பிறகு ஊசி போய் நிற்கும் கடைசி வட்டம் ஒன்று எல்லாத் தட்டிலும் உண்டு. மூடிய வட்டம் என்போம். அந்தக் கோட்டைச் சிலுவைக்கு நேரே பிடித்துக்கொண்டு மேசையைக் கையால் சுற்ற வேண்டும். நடு சரியென்றால் கோடு அசையாது. பிழையென்றால் கோடு மெல்ல ஒரு பக்கம் போகும், மெல்லத் திரும்பி வரும். தகட்டின் விளிம்பில் சிறிய மரச் சுத்தியலால் தட்ட வேண்டும். அடிக்கக் கூடாது. கதவு தட்டுவதைவிட மெல்லத் தட்ட வேண்டும். கோடு நின்றதும் இன்னும் மூன்று தரம் சுற்றிப் பார்க்க வேண்டும். அது மிசியே ஜெர்வேயின் சட்டம். மூன்று சுற்றும் கோடு நின்றால் பிடியை இழுக்கலாம். ஓட்டை விழும். விழுந்த ஓட்டையைத் திருத்த முடியாது.

பிசகின ஓட்டையோடு அடித்த தட்டு ஒரு சுற்றுக்கு ஒருமுறை நெளியும். நீட்டி வாசிக்கும் சுரத்தில் அது நன்றாகத் தெரியும்.

மார்செல்லின் குழு பழைய குழு. நாலு பேர். பாட்டுச் சொல் கிடையாது, வாத்தியம் மட்டும். கடல் அலையில் பலகை ஓட்டுகிறவர்களுக்கான வாசிப்பு என்று லூசி சொன்னார். லொங்குய்யில் ஆறுதான் இருக்கிறது, அதுவும் மாரியில் உறைந்துவிடும். நாலு பேரில் ஒருவர்கூடப் பலகையில் ஏறியதில்லை. நான் கடற்கரையில் பிறந்தவன். எனக்கு அதில் அலை கேட்கவில்லை. வள்ளத்து எஞ்சின்தான் கேட்டது. பிழையில்லை, நல்ல எஞ்சின்.

இருபது வருடத்துக்கு மேலாக அவர்கள் வெளியே விடாமல் வைத்திருந்த பதிவுகள் இருந்தன. பழகும்போது பதிந்தவை, விளம்பரத்துக்கு வாசித்தவை, பாதியில் விட்டவை. நிலவறையில் ஈரம் பட்டுக் கிடந்த நாடாக்களிலிருந்து பதினான்கைப் பொறுக்கி ஒரே தட்டாக்கினார்கள். ஆயிரம் தட்டு. அந்தக் கிழமைச் சனிக்கிழமை லொங்குய்யில் ஒரு மண்டபத்தில் வாசித்துக்கொண்டே விற்க இருந்தார்கள்.

மாதிரித் தட்டு அடித்துக் கொடுத்தோம். அதற்கு ஓட்டை போட்டவர் மிசியே ஜெர்வே. மார்செல் கேட்டுவிட்டு ஒரே ஒரு மாற்றம் சொன்னார். அவருடைய ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் எதிரொலிக்காக ஸ்பிரிங் இருக்கிறது. பெட்டியைக் காலால் உதைத்தால் இடி விழுந்தது போலச் சத்தம் வரும். இரண்டாம் பக்கம் முடிந்ததும் அந்த இடி சுற்றிச் சுற்றி விழுந்துகொண்டே இருக்க வேண்டும், ஆராவது எழும்பி ஊசியைத் தூக்கும் வரைக்கும். அதாவது சத்தத்தை மூடிய வட்டத்துக்குள் வைக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தைப் புதிதாக வெட்டினார்கள்.

புதுத் தகடு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. மிசியே ஜெர்வே அன்று இல்லை. மனைவியை வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். முதல் முறையாக அறையில் நான் தனிய. வேலைச் சீட்டில் இடியைப் பற்றி எழுதியிருந்தது. பிரெஞ்சுக் கையெழுத்து. நான் வாசிக்கவில்லை. இதுவும் எப்போதும் போலச் சத்தமில்லாத வெறும் வட்டம் என்று நினைத்தேன்.

மேசையைச் சுற்றினேன். கோடு ஓரிடத்தில் மட்டும் சட்டென்று பக்கத்துக்குப் பாய்ந்தது. மற்ற இடத்தில் நின்றது. பிசகினால் கோடு மெல்லப் போகும், பாயாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் தட்டினேன். பாய்ந்த இடம் சிலுவைக்குக் கிட்ட வரும் மட்டும் தட்டினேன்.

இராசையா அண்ணை கதவைத் திறந்தார். "என்ன மனே, தகட்டுக்குத் தாலாட்டுப் பாடுறியா? பிரஸ் சும்மா நிக்குது."

"ஒரு நிமிசம் அண்ணை."

"கடைசியா ஒரு நிமிசம் எண்டு சொன்ன ஆள் பென்சன் எடுத்திட்டான்."

மூன்று சுற்றுச் சுற்றவில்லை. ஒன்று சுற்றினேன். கோடு கொஞ்சம் அலைந்தது. போதும் என்று நினைத்துப் பிடியை இழுத்தேன்.

செவ்வாய் முழுக்க நான்காம் நம்பர் அடித்தது. ஐம்பதில் ஒன்றை லூசி கேட்டார். எல்லாம் சரி என்றார்.

புதன் காலை மார்செல் தன் தட்டைப் பார்க்க வந்தார். மிசியே ஜெர்வேயும் அன்று வேலைக்குத் திரும்பியிருந்தார். அப்படித்தான் அந்த அறையில் ஐந்து பேர் ஆனோம்.

லூசி இரண்டாம் பக்கத்தைப் போட்டார். மூன்றாவது வாசிப்பு மெதுவானது. ஒரு சுரத்தை நீட்டி நீட்டி வாசிப்பது. கிற்றாரில் ஒரு கம்பிப் பிடி உண்டு. அதை ஆட்டினால் சுரம் நெளியும். இந்த வகை வாசிப்புக்கே அந்த நெளிவுதான் அழகாம். மார்செல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மற்றவர்கள் மார்செல்லைப் பார்த்தார்கள்.

நான் ஊசிக்கையைப் பார்த்தேன். தகட்டு அறைக்காரன் காதால் கேட்பதில்லை, கண்ணால் கேட்பவன். ஊசிக்கை உள்ளே போய் வெளியே வந்தது. ஒரு சுற்றுக்கு ஒருமுறை. அது போகும்போது சுரம் இறங்கியது. வரும்போது ஏறியது. எத்தனை சுற்றுப் பார்த்தாலும் அப்படியே.

வாசிப்பு முடிந்தது. மார்செல் கண்ணைத் திறந்தார்.

"இருபத்திரண்டு வயதில் என் கை எப்படி ஆடியிருக்கிறது பாருங்கள்" என்றார். "மறந்தே போனேன்."

லூசி சிரித்தார். இராசையா அண்ணை தலையாட்டினார். மார்செல் எங்கள் நாலு பேருக்கும் கை கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது இரண்டு கையாலும் பிடித்தார். அவர் போய்விட்டார்.

பிரஸ் தொடர்ந்து அடித்தது.

நான் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு தகட்டு அறைக்குப் போனேன். நடு லேபலில் சின்னக் கடதாசித் துண்டு ஒட்டி, அங்கிருந்த பழைய பாட்டுப்பெட்டியில் போட்டுச் சுற்றவிட்டேன். கடதாசி என் பக்கம் வரும்போதெல்லாம் சுரம் இறங்கியது. மார்செல்லின் கைக்கு என் கடதாசி எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியாது. நெளிவு தட்டினுடையது. அதாவது என்னுடையது.

மத்தியானச் சாப்பாட்டில் இராசையா அண்ணையிடம் சொன்னேன். அவர் பாணைக் கடித்தபடி கேட்டார்.

"ஆர் கண்டது?"

"நான் கண்டன்."

"வேற?"

"ஒருத்தரும் இல்லை."

"வாசிச்ச ஆளே தன்ர கை எண்டு சொல்லிச் சந்தோசமாப் போறான். நீ போய் இல்லை, அது என்ர கை எண்டு சொல்லப் போறியா? உனக்கு விசரா மனே?"

"நடு பிழை அண்ணை."

"இண்டைக்குப் புதன். வெள்ளி மட்டும் வாயை வைச்சுக்கொண்டு இரு. கடிதத்தை எடு. திங்கள் போய்ச் சொல்லு, வேணுமெண்டா பாவசங்கீர்த்தனமும் செய்."

"திங்களுக்கு முதல் சனம் வாங்கிப்போடும்."

"வாங்கட்டும். கேக்கிறவனுக்குப் பிடிச்சிருக்கு."

நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எனக்கு மகளுடைய முகம் வந்தது. கடிதமும் வந்தது. ஊசிக்கையும் வந்தது. ஊசிக்கை போகவில்லை.

மிசியே ஜெர்வே தகடு வளர்க்கும் அமிலத் தொட்டியருகில் நின்றார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சையும் இங்கிலிசையும் சேர்த்துச் சொன்னேன். இரண்டாம் பக்கம். நடு பிழை. நான் செய்தேன்.

"லூசி சரி என்கிறார்" என்றார். "மார்செல்லும் சரி என்கிறார்."

"ஓம். ஆனால் பிழை."

அவர் கையுறையைக் கழற்றினார். நான்காம் நம்பர் பிரஸ்ஸை நிறுத்தச் சொன்னார். தகட்டைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து, மேசையை நகத்தால் தள்ளுவது போல மெல்லச் சுற்றினார். முதல் சுற்று. இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்று. நான் பக்கத்தில் நின்றேன். வெளியே மற்றப் பிரஸ்களின் நீராவிச் சத்தம் கேட்டது.

தலையை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாய்கிற இடம் இடி" என்றார். "சத்தம் கோட்டை வளைக்கும். நீங்கள் இடியை நடுவில் வைத்திருக்கிறீர்கள். தட்டை வைக்கவில்லை."

"எனக்குத் தெரியாது."

"மூடிய வட்டத்தில் சத்தம் வைத்து எனக்கும் இதுதான் முதல் தகடு. நானும் ஏமாந்திருப்பேன்." கண்ணாடியைப் போட்டார். "இல்லை. ஏமாந்திருக்க மாட்டேன். இன்னும் இரண்டு தரம் சுற்றியிருப்பேன்."

நான் தகட்டை மேசையிலிருந்து எடுத்தேன்.

ஓட்டை விழுந்த தகடு குப்பைக்கு. தாய்த் தகட்டைத் தொட்டியில் இறக்கினார். அதன் மேல் நிக்கல் படிந்து புதுத் தகடு வளர நேரம் எடுக்கும். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

வியாழன் காலை தகடு தயார். அவரே போடுவார் என்று நினைத்து மேசையைத் துடைத்து ஒதுங்கி நின்றேன். அவர் அசையவில்லை. மரச் சுத்தியலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அங்கோர்."

பாயும் இடத்தை விட்டுவிட்டு மற்றக் கோட்டைப் பிடித்தேன். தட்டினேன். சுற்றினேன். தட்டினேன். கதவு திறந்தது. இராசையா அண்ணை ஒருமுறை என்னைப் பார்த்தார், ஒருமுறை மிசியே ஜெர்வேயைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டு போனார். கோடு நின்றது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதும் சுற்றினேன். பிடியை இழுத்தேன்.

முதல் தட்டு வந்ததும் மார்செல்லுக்கு ரெலிபோன் எடுத்தார்கள். பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு, பஸ்ஸோடு வந்து வாசலில் நிறுத்தினார். லூசி மூன்றாவது வாசிப்பைப் போட்டார். சுரம் நேரே போனது. கடைசியில் மட்டும் மெல்ல ஒரு நடுக்கம். அவ்வளவுதான்.

மார்செல், "மறுபடி போடுங்கள்" என்றார். லூசி போட்டார்.

"முந்தினதுதான் எனக்குப் பிடித்திருந்தது" என்றார் மார்செல்.

இராசையா அண்ணை என் காதுக்குள், "நான் சொன்னனா இல்லையா" என்றார்.

மார்செல் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். "ஆனால் நான் வாசித்தது இதுதான். அந்த வயதில் எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. இதையே அடியுங்கள்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கள்தானா கண்டது?"

"நான்தான் பிழை விட்டது" என்றேன்.

"இரண்டும் இவர்தான்" என்றார் மிசியே ஜெர்வே.

நான்காம் நம்பர் வியாழனும் வெள்ளியும் இரவிலும் நிற்காமல் அடித்தது. சனிக்கிழமைக்கு வேண்டிய ஆயிரமும் போய்ச் சேர்ந்தது. மண்டபத்துக்கு இராசையா அண்ணையும் நானும் ஆற்றுக்கு அடியால் போகும் மஞ்சள் பாதை மெட்ரோ ரயிலில் போனோம். அவர் ஒரு தட்டு வாங்கினார். வீட்டில் போட்டுக் கேட்கப் பெட்டி இல்லாத ஆள்.

அதற்கு முன் வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பிழைத் தட்டெல்லாவற்றையும் அழிப்பது என் வேலை. ஒவ்வொன்றாக எடுத்து, நடுவில் உள்ள லேபலை வெட்டி எடுத்துவிட்டு, அரைக்கும் பெட்டிக்குள் போட வேண்டும். கடதாசி பிளாஸ்டிக்கோடு கலந்தால் அடுத்த தட்டு கெடும். எண்ணிக்கொண்டு போடுங்கள் என்று மிசியே ஜெர்வே சொல்லியிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை. வியாழன் பின்னேரமும் வெள்ளி காலையும் வெட்டினேன். இராசையா அண்ணை தன் தேநீர் நேரத்தில் வந்து ஒரு கட்டுத் தட்டு வெட்டித் தந்தார். "இது கிறுக்குத்தனம்" என்று ஒவ்வொரு தட்டுக்கும் சொன்னார். அவர் வெட்டியதையும் எண்ணினேன்.

வெள்ளி மூன்று மணிக்கு மிசியே ஜெர்வே கந்தோரிலிருந்து ஒரு கடதாசியோடு வந்தார். கம்பெனி முத்திரை அடித்திருந்தது. எனக்கு அப்போது பிரெஞ்சு வாசிக்க வராது. லூசியிடம் கொடுத்தார். லூசி வாசித்தார், முகம் மாறியது.

"செபா, வேலை நிரந்தரம்" என்றார். பிறகு மிசியே ஜெர்வேயிடம் திரும்பினார். "ஆனால் இது என்ன? இவர் சொல்லி அழித்த தட்டுகள் இத்தனை என்று எழுத இடம் விட்டிருக்கிறீர்கள். குடிவரவு அதிகாரி என்ன நினைப்பார்? உடைக்கிற ஆள் என்று நினைக்க மாட்டாரா?"

"நல்லவர், உழைப்பாளி என்று எல்லாக் கம்பெனியும் எழுதும்" என்றார் மிசியே ஜெர்வே. "அதிகாரி அதை நம்ப மாட்டார். இதை நம்புவார்."

கடிதத்தின் கடைசி வரியில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. பேனாவை எடுத்தார்.

"எத்தனை?" என்று கேட்டார்.

சொன்னேன். எழுதினார். கையெழுத்துப் போட்டு மடித்துத் தந்தார். நான் மெர்சி சொன்னேன். அவர் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

குடிவரவு அதிகாரி அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கடைசி வரியில் விரலை வைத்து, இது உண்மையா என்று மொழிபெயர்ப்புப் பெண் மூலம் கேட்டார். ஓம் என்றேன். வேறு கேள்வி கேட்கவில்லை. அடுத்த வருடம் மனைவியும் மகளும் வந்தார்கள். தொழிற்சாலை தட்டு அடிப்பதை நிறுத்தும் வரைக்கும் நடு ஓட்டை என் கையில்தான் இருந்தது.

கடிதத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. இப்போது எனக்கு அதை வாசிக்க வரும். மூன்று வரி. முதல் வரியில் என் பெயர். இரண்டாவதில் வேலை நிரந்தரம் என்பது. மூன்றாவதில், இவர் சொல்லி அழித்த தட்டுகள் என்று எழுதி, பக்கத்தில் மிசியே ஜெர்வேயின் கையால் எண்.

அறுநூற்றுப் பன்னிரண்டு.